பட்டம் வேண்டும், மாற்றம் வேண்டாமா?

அண்மையில் தியாகராய நகரில் நடந்த ஒரு நிக்காஹ் விருந்தில் மயிலாப்பூரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் நம்மருகே அமர்ந்தார். வீட்டை அடகு வைத்து மகனை ஜெர்மனிக்குப் படிக்க அனுப்பியவர். "ஹஜ்ரத், பணத்தையும் கொடுத்துப் பிள்ளையையும் தொலைத்துவிட்டேன்" என்றார். திடுக்கிட்டோம். தொழுகையை விட்டானா? இல்லை. தகாத பழக்கம் உண்டா? அதுவும் இல்லை. பின் என்னதான் குறை? "உண்ட தட்டைத் தானே கழுவுகிறான். எதைச் சொன்னாலும் 'ஏன் வாப்பா?' என்கிறான். தங்கையின் மேற்படிப்பை நிறுத்தியது நியாயமா என்று என்னிடமே வாதாடுகிறான்."

தொலைந்துபோன பிள்ளையின் இலட்சணம் இதுதான்!

இப்புலம்பல் அவர் ஒருவருடையது அன்று. நம் குடும்பங்கள் பலவற்றில் கேட்பதுதான். அயல்நாட்டுப் பட்டம் நமக்கு வேண்டும். அதன் பின்னே வரும் ஊதியம் வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் பெயரை அடுத்து அச்சிட அது வேண்டும். ஆனால் அந்த ஊர் பிள்ளையின் உள்ளத்தைத் தொட்டுவிடக் கூடாது. போனவன் போனபடியே திரும்ப வேண்டும். இது நடக்கக்கூடிய காரியமா? நடந்தாலும் நன்மையா?

பாடம் மட்டுமே வேண்டுமெனில் கடல் கடப்பானேன்? அடையாற்றை அடுத்து, 1959இல் மேற்கு ஜெர்மனியின் துணையோடு தோன்றிய ஐ.ஐ.டி. இருக்கிறது. நூல்கள் இங்கும் கிடைக்கின்றன. அயலூர் கற்பிப்பது வேறு. அங்கே அவன் இன்னாரின் மகன் அல்லன். அவன் பாட்டனாரை அறிந்தார் எவருமிலர். சோற்றைத் தானே ஆக்க வேண்டும். நோயுற்றால் மருந்தைத் தானே தேட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் கருத்துத் தவறென்று பலர் முன்னிலையில் சொல்லப்படும்போது சினவாமல் நின்று விடை கூற வேண்டும். இதைத்தான் நாம் வளர்ச்சி என்கிறோம்.

மயிலாப்பூர்ப் பெரியவருக்கு மயிலாப்பூரிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். எட்வர்டு எலியட்ஸ் சாலையில் - இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் - 'சந்திர விலாஸ்' என்னும் இல்லத்தில் வளர்ந்தவர் விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகர். மாநிலக் கல்லூரியில் படித்து, 1930இல், பத்தொன்பதாம் வயதில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். அப்போது அவர் தாயார் சீதாலட்சுமி கடும் நோயுற்றிருந்தார். ஆயினும் மகனைத் தடுக்கவில்லை, போகவே ஊக்கினார். 1931இல் அவர் மறைந்தபோது மகன் அருகில் இல்லை.

எரிந்து ஓய்ந்த விண்மீன் வெண்குறுமீனாக நிலைப்பதற்கு ஓர் எடை எல்லை உண்டு என்பதை அந்த இளைஞர் கப்பலிலேயே கணக்கிட்டார். 1935 ஜனவரியில் இலண்டன் அரச வானியல் கழகத்தில் அதை விரித்துரைத்தபோது, அக்காலத்தின் பெரும் வானியலறிஞர் எடிங்டன் அதே அவையில் அதை நகைப்புக்கிடமாக்கினார். மாநிலக் கல்லூரியில் பாராட்டே கேட்டுப் பழகிய இளைஞருக்கு அது எத்தகைய அடியாயிருந்திருக்கும்! ஆயினும் அவர் கணக்கைக் கைவிடவில்லை. எடிங்டனுடன் நட்பையும் முறிக்கவில்லை. ஆய்வை 1939இல் நூலாக்கிவிட்டு, வேறொரு துறையில் புதிய மாணவரைப் போல் நுழைந்தார். 1983இல் நோபல் பரிசு வந்தது. சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்னும் அந்த எல்லை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. பரிசை விட்டுவிடுங்கள், அது எல்லார்க்கும் வாய்ப்பதன்று. மறுக்கப்பட்டபோதும் நிலைகுலையாத அந்த உள்ளத்தைப் பாருங்கள். "அவர் திரும்பி வரவில்லையே" என்பீர்கள். உண்மைதான்; 1953இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். உம் மகனோ திரும்பி வந்திருக்கிறான். வந்தவனைத்தான் தொலைத்ததாகச் சொல்கிறீர்!

நம் சொந்த வீட்டுச் சான்றும் உண்டு. 'சீனாவரை சென்றேனும்' என்னும் பேச்சை மேடைதோறும் முழங்குகிறோம். அதன் அறிவிப்பு பலவீனமானது என்பர் ஹதீஸ் கலை வல்லார். அது இல்லாமலேயே நமக்குப் போதிய ஆதாரம் இருக்கிறது. நம் கடற்கரையூர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் மத்ஹபின் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் காஸாவில் பிறந்து, மக்காவில் வளர்ந்து, மதீனாவில் பயின்று, பக்தாதில் சட்டம் உரைத்தார்கள். பின்னர் எகிப்து சென்று, புதிய சான்றுகளைக் கண்டு, தம் தீர்ப்புகள் பலவற்றைத் தாமே மாற்றினார்கள். பக்தாதில் கூறியவை கவ்லே கதீம். எகிப்தில் கூறியவை கவ்லே ஜதீத். சில மஸ்அலாக்கள் நீங்கலாகப் பிந்தியதன்படியே மத்ஹபில் ஃபத்வா வழங்குகிறது. "எகிப்து அவரைக் கெடுத்துவிட்டது" என்று எந்த ஆலிமும் சொன்னதில்லை.

மத்ரஸாவில் இதைக் கற்பிக்கும் நாமோ, மாணவன் ஒருவன் எழுந்து "ஏன்?" என்று கேட்டால் முகம் சுளிக்கிறோம். குற்றம் பெற்றோருடையது மட்டுமன்று; உஸ்தாதுகளாகிய நம்முடையதும்தான்.

அயலூரில் தொழுகையை இழந்தோரும் ஒழுக்கத்தை இழந்தோரும் உண்டு. பெற்றோரின் அச்சம் பொய்யன்று. ஆனால் எது இழப்பு, எது வளர்ச்சி என்று பிரித்தறிய வேண்டாமா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் வீட்டு வேலைகளில் கைகொடுத்தார்கள். தம் காலணியைத் தாமே செப்பனிட்டார்கள். உண்ட தட்டைக் கழுவும் பிள்ளை ஜெர்மானியனாகிவிடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் நாம் கேட்டுவிட்டு வீட்டில் மறந்த சுன்னத்தை அவன் கைக்கொண்டிருக்கிறான்.

இனி அந்தத் தங்கையின் வழக்கு. அவள் பட்டம் பெற்றது தேனாம்பேட்டையில். நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்கள் முயன்று 1955இல் பெண்களுக்கென எழுப்பிய கல்லூரி அது. அவள் மேற்கொண்டு எங்கே படிப்பது, யார் துணையிருப்பது, செலவுக்கு என்ன வழி என்றெல்லாம் குடும்பம் கூடிப் பேசட்டும். மார்க்க வரம்புகளையும் எண்ணிப் பார்க்கட்டும். ஆனால் பேச்சே எழக்கூடாது என்று வாயை அடைப்பது மார்க்கமன்று, அது பிடிவாதம். ஒருவன் கடல் கடந்து கற்றதன் பயனாய் அவன் தங்கைக்கும் ஒரு வாசல் திறக்குமாயின், அடகு வைத்த வீட்டுக்கு அதைவிட நல்ல வட்டமுண்டோ?

பெரியவரிடம் நாம் கூறியது இதுதான்: "உங்கள் பணம் வீண்போகவில்லை. கேட்கத் தெரிந்த மகனை அல்லாஹ் உங்களுக்குத் திருப்பித் தந்திருக்கிறான். 'ஏன் வாப்பா?' என்று அவன் இன்னும் உங்களைத்தானே கேட்கிறான்? கேட்பதை நிறுத்திவிட்டால் அன்றுதான் அவனை இழப்பீர்கள். இன்றிரவே அவனை அழைத்து விடை சொல்லுங்கள். மகளையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள்."

அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து கை கழுவச் சென்றார். நாமும் நம் வீடுகளில் இதைச் சிந்திப்போமாக!