ஓய்வில்லாத வாரத்தில் ஒரு பாடம்

நகரத்தில் ஒரு வாரம் கழியும் வேகத்தை எண்ணிப் பார்த்தால் வியப்பே மிஞ்சுகிறது. புதனன்று உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழா. வெள்ளியன்று சங்கக் கூட்டம். இடையில் ஒரு துக்க வீடு. ஞாயிறன்று ஒரே நேரத்தில் இரண்டு முகூர்த்தங்கள். கோயம்புத்தூரில் பத்திரிகை வைத்து அழைத்த வீட்டுக்குப் போகாமல் இருந்துவிட முடியுமா? இத்தனைக்கும் நடுவே திருமுறை ஓதுவதும் பெரியபுராணம் படிப்பதும் 'பணி ஓய்வு பெற்ற பின் பார்க்கலாம்' என்று தள்ளிப் போகின்றன. ஓய்வு வந்த பின்னரோ பேரப்பிள்ளைகள், மருத்துவமனை, மங்கிய கண்பார்வை என்று வேறு காரணங்கள் வந்து நிற்கின்றன.

இவ்வாறு தள்ளிப் போடாத ஒருவர் இதே கோவை மாநகரில் வாழ்ந்தார். அவர் சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார். 1878-ல் பிறந்து 1961-ல் சிவனடி சேர்ந்தவர். தொழிலால் அவர் தமிழாசிரியர் அல்லர், வழக்கறிஞர். ஆயினும் சேக்கிழார் பெருமானின் தமிழை ஊராருக்குச் சொல் சொல்லாகப் பிரித்துக் கற்பித்த நல்லாசிரியர் என்றே கொங்கு நாட்டுச் சைவர்கள் அவரைப் போற்றுகின்றனர்.

வழக்கறிஞரின் நாட்கள் அவருக்குச் சொந்தமானவை அல்ல. காலையில் கட்சிக்காரர்கள் திண்ணையில் காத்திருப்பார்கள். பகலை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். மாலையில் மறுநாள் வழக்கின் கட்டுகளைப் பிரித்தாக வேண்டும். இத்தகைய வாழ்வினிடையே, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட பெரியபுராணம் முழுவதற்கும் அவர் விரிவான உரை எழுதினார். 1930-களில் தொடங்கிய அப்பணி 1950-களில் நிறைவெய்தியது. கோவைத் தமிழ்ச் சங்க வெளியீடாக ஏழு பகுதிகளில் அது வெளிவந்தது. அறுபதை நெருங்கும் வயதில் தொடங்கி, எழுபதைக் கடந்து முடித்த திருப்பணி அது.

அவ்வுரையைப் புரட்டுவோர் அதில் ஓர் ஆசிரியரின் உள்ளத்தைக் காணலாம். பாட்டின் பொருளைச் சொல்லி, சொற்களின் நயத்தை விரித்துரைப்பதோடு அவர் நின்றுவிடுவதில்லை. சரிதச் சுருக்கம் தருகிறார். அடியார் வழிபட்ட தலத்தின் விவரங்களைத் தருகிறார். அச்சரிதத்தால் நாம் கற்று ஒழுக வேண்டியவை இவை எனவும் தொகுத்துக் காட்டுகிறார். வகுப்பின் முடிவில், கடைசி வரிசையில் அமர்ந்த மாணவனுக்கும் விளங்கியதா என்று கேட்டுவிட்டே புத்தகத்தை மூடும் ஆசிரியரைப் போன்றவர் அவர்.

கற்பித்ததை அவர் வாழ்ந்தும் காட்டினார். கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1908-ல் தண்டனை பெற்றுக் கோவைச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கு அவர் செக்கிழுத்த கொடுமையை நாடறியும். ஆங்கில ஆட்சியின் சினத்துக்கு ஆளான ஒருவரிடம் நட்புப் பாராட்டுவது வளர்ந்து வரும் வழக்கறிஞர் ஒருவருக்கு எளிதான காரியமன்று. அந்நாளில் முதலியாருக்கு வயது முப்பதுதான். ஆயினும் அவர் விலகிச் செல்லவில்லை; வ. உ. சி.க்கு உற்ற துணைவர்களுள் ஒருவராக நின்றார். பின்னாளில் வ. உ. சி. சிவஞான போதத்துக்கு உரை கண்டார். முதலியார் பெரியபுராணத்துக்கு உரை கண்டார். வழக்கறிஞர் இருவர் சைவப் பெருநூல்களுக்கு உரையாசிரியர்களாக விளங்கியது தமிழின் தவப்பயன்.

இத்தனை அலுவல்களுக்கிடையே இப்பணி எவ்வாறு இயன்றது? விடை பெரியபுராணத்துக்குள்ளேயே இருக்கிறது.

அதனை அருளிய சேக்கிழாரும் ஓய்ந்திருந்தவர் அல்லர். அநபாயச் சோழரின் அமைச்சராக நாட்டுப் பொறுப்பைத் தாங்கியவர். அவர் நூலின் தொடக்கத்தை அமைத்த முறையைப் பாருங்கள். திருமலைச் சிறப்பு, திருநாட்டுச் சிறப்பு, திருநகரச் சிறப்பு, அதன்பின் திருக்கூட்டச் சிறப்பு. நகரைப் பாடியவுடன் அந்நகரில் கூடும் அடியார் கூட்டத்தைப் பாடுகிறார். மாட மாளிகைகளால் மட்டும் ஒரு நகரம் நிறைவு பெறுவதில்லை. அடியார்கள் ஒன்றுகூடும் இடம் இருந்தால்தான் அது திருநகரம்.

அடுத்து வருவது தடுத்தாட்கொண்ட புராணம். சுந்தரருக்குத் திருமணம். பந்தல் நிறைய உறவினர். மேளமும் மங்கல ஒலியும் நிறைந்த பரபரப்பான நேரம். அந்நேரத்தில்தான் இறைவன் முதிய வேதியராக வந்து, 'இவன் எனக்கு அடிமை' என்று வழக்கிடுகிறான். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் செல்கிறது. மூல ஓலை காட்டப்படுகிறது, கையெழுத்து ஒப்பு நோக்கப்படுகிறது, தீர்ப்பும் வழங்கப்படுகிறது. நாள்தோறும் பத்திரங்களோடும் சாட்சிகளோடும் பழகிய கோவை வழக்கறிஞருக்கு இப்பகுதி எத்துணை நெருக்கமாக இருந்திருக்கும்!

சுந்தரரை ஆட்கொள்ள இறைவன் தனிமையான ஒரு நேரத்துக்குக் காத்திருக்கவில்லை. கூட்டம் நிறைந்த கல்யாண வீட்டுக்கே வந்தான். நம் வேலைகள் எல்லாம் முடியட்டும் என்று அவன் காத்திருப்பதில்லை. வேலைகளின் நடுவே வந்து நிற்கிறான். அவனை 'அப்புறம் வா' என்று திருப்பி அனுப்புவது நாம்தான்.

இன்று பல குடும்பங்களில் பெரியவர்கள் தனித்திருக்கிறார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். வாரம் நிறைய விசேஷங்கள் இருந்தும், மனம் விட்டுப் பேச ஆளில்லை என்ற ஏக்கம் இருக்கிறது. இதற்கு மருந்தாகத் திருக்கூட்டத்தைத்தான் சேக்கிழார் காட்டுகிறார். பேரூரிலோ அவிநாசியிலோ அருகிலுள்ள எந்தத் திருக்கோயிலிலோ, வாரம் ஒரு மாலை நான்கு பேர் கூடினாலும் போதும். ஒருவர் படிக்க மற்றவர் கேட்கலாம். கண் மங்கியவர்க்குக் காது இருக்கிறது. குரல் தளர்ந்தவர்க்குப் பக்கத்தில் இருப்பவர் குரல் இருக்கிறது.

தனியடியார் அறுபத்து மூவர், தொகையடியார் ஒன்பதின்மர். வாரத்துக்கு ஒரு சரிதமாகக் கேட்டு வந்தால், எழுபத்திரண்டு வாரங்களில், அதாவது ஒன்றரை ஆண்டுக்குள், எல்லா அடியார்களையும் தரிசித்துவிடலாம். கொங்கு நாட்டினர்க்கு இன்னுமோர் இன்பம் உண்டு. எறிபத்தர் வாழ்ந்த கருவூரும், சுந்தரர் பொருளைப் பறிகொடுத்து மீண்டும் பெற்ற திருமுருகன்பூண்டியும் பேருந்தில் சென்று வரும் தொலைவில்தான் உள்ளன. சரிதம் கேட்ட வாரமே தலத்தையும் வழிபட்டு வரலாம்.

முதலியார் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது தம்மைப் 'பித்தன்' என்றே குறித்துக்கொண்டார். ஓய்வில்லாத வாரங்களை அடுக்கி ஏழு பகுதிகளாக உரை கண்டவரின் பித்து அது. அதில் ஒரு துளி நமக்கும் வாய்த்தால், வரும் வாரத்தில் ஒரு மாலை நேரம் தானே கிடைத்துவிடும்.

திருச்சிற்றம்பலம்.