ஒற்றை எஞ்சினை நம்பி...

உங்கள் வீட்டுக் குட்டிகளுக்கு ‘தாமஸ்’ ரயிலைத் தெரியும்தானே? அந்தக் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரி, 1952-ல் சம்பளம் வாங்காமல் கார்டு வேலை பார்த்த இடம், வேல்ஸ் நாட்டின் டாலிலின் ரயில் பாதை.

1860-களில் சிலேட்டுக்கல் சுமக்கப் போட்ட குட்டிப் பாதை அது. 1950-ல் உரிமையாளர் இறந்ததும், ‘இனி மூடுவிழாதான்’ என்ற நிலை. ரயில் பிரியர்கள் சங்கம் அமைத்து, மறு வருடமே தாங்களே ஓட்டினார்கள். தன்னார்வலர்கள் ஒரு ரயில் பாதையைக் காப்பாற்றியது உலகிலேயே அதுதான் முதல் முறை! அந்த சீசனில் பெரும்பாலும் நம்பியிருந்தது ‘டோல்கோக்’ என்ற ஒரே கிழட்டு எஞ்சினை.

இன்று டவின் ஸ்டேஷன் அருங்காட்சியகத்தில் ஆட்ரியின் எழுத்து அறையைப் பார்க்கலாம். பச்சைக்கொடி காட்டுபவரிடமும் பேசிப் பாருங்கள். லீவு போட்டு வந்த தன்னார்வலராக இருக்கலாம்!