வெள்ளமும் விழிப்பும்

பெருந்துயர் ஒன்று நேர்ந்தவுடன் நம்மிடையே இரு குரல்கள் எழுகின்றன. ஒன்று, எல்லாம் விதியென்று ஓய்ந்துவிடும். மற்றொன்று, ஆராயுமுன்னரே எவரையேனும் குற்றவாளியாக்கிவிடும். இவ்விரண்டும் நீதிக்குத் துணை செய்வன அல்ல.

உடையார்பாளையத்திற்கு மேற்கேயுள்ள அரியலூரை அடுத்து, 1956 நவம்பர் 23 அன்று, தூத்துக்குடி விரைவு வண்டி வெள்ளம் பெருகிய மருதையாற்றில் வீழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்தார். போற்றத்தக்க செயலே. ஆயினும் அஃது அறவழிப் பொறுப்பு. சட்டம் கேட்கும் வினாக்களுக்கு விடையன்று.

சட்டம் கேட்பது யாது? கவனத்துடன் நடக்கும் கடமை ஒருவருக்கு இருந்ததா? அதில் அவர் தவறினாரா? அத்தவற்றினால்தான் கேடு விளைந்ததா? மூன்றாம் வினாவையே நாம் மறந்துவிடுகின்றோம். இலண்டனில் 1966-இல் நஞ்சு கலந்த தேநீர் அருந்திய இரவுக் காவலர் மூவர் மருத்துவமனையை நாடினர். மருத்துவர் பார்க்காமலே அனுப்பிவிட்டார், ஒருவர் இறந்தார். கடமை தவறியது உண்மை. ஆனால் உடனே பார்த்திருந்தாலும் உரிய மாற்று மருந்து காலத்தில் கிட்டியிராது என்று கண்ட நீதிமன்றம் இழப்பீட்டை மறுத்தது.

நம் நாட்டு வழக்கொன்றும் உண்டு. கார்வேட்டிநகர ஜமீனின் பழைய ஏரிகள் பெருமழையில் உடைந்து இருப்புப்பாதையைச் சிதைத்தன. சென்னை ரயில்வே கம்பெனி வழக்குத் தொடுத்தது. குடிகளின் நலனுக்காக ஏரிகளைப் பேணுவது ஜமீன்தாரின் கடமை; கவனக்குறைவு இல்லாதவிடத்து அவர் பொறுப்பாகார் என்று 1874-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது.

இங்கேதான் ஓர் இடர்ப்பாடு. கவனக்குறைவை மெய்ப்பிக்கும் சுமை துயருற்றவர்மீதே விழுகின்றது. கரையை யார், என்று பார்வையிட்டார் என்ற குறிப்போ எதிர்த்தரப்பின் பேழையில் உறங்குகின்றது. கணவனை இழந்த ஏழைப் பெண் அதனை எங்ஙனம் பெறுவாள்? டில்லி சாந்தினி சவுக்கில் 1951-இல் மணிக்கூண்டு இடிந்து உயிர்கள் மாய்ந்த வழக்கில், வீழ்ச்சியே தன் கதையைச் சொல்கிறது என்னும் நெறியை ஏற்று, கவனத்தோடு பேணியதை மாநகராட்சியே மெய்ப்பிக்க வேண்டும் என உச்சநீதிமன்றம் 1966-இல் கருதியது. அதுவே நியாயம். ஏரிக்கரை, பாலம், மதகு ஆகியவற்றின் ஆய்வுக் குறிப்புகள் யாவும், விபத்துக்குப் பின்னரன்றி, முன்னரே ஊரார் காணுமாறு வைக்கப்படல் வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வாயில் திறந்திருக்கின்றது.

ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவன்மீது பொறுப்புச் சாட்டுக என்பது நபிகள் நாயகம் (ஸல்) காட்டிய வழி. கட்டவேண்டியவர் கட்டினாரா என்று கேட்பது ஈமானுக்கு முரணன்று, அமானிதத்தைக் காப்பதேயாகும். மாணவச் செல்வங்கள் தத்தம் ஊர் ஏரிக்கரையைக் குறித்து, அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னரே அவ்வினாவை எழுப்புவார்களாக!