மாதிரிப் பள்ளியும் மற்றப் பிள்ளைகளும்



2022 செப்டம்பர் 5ஆம் நாள், சென்னை பாரதி மகளிர் கல்லூரியில் நடந்த விழாவில் 26 தகைசால் பள்ளிகளும் 15 மாதிரிப் பள்ளிகளும் தொடங்கி வைக்கப்பட்டன. தகைசால் பள்ளி என்பது ஏற்கெனவே இயங்கிவந்த அரசுப் பள்ளியை மேம்படுத்துவது. மாதிரிப் பள்ளி வேறு வகை. மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளிலிருந்து நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, விடுதியில் தங்கவைத்து, ஐ.ஐ.டி., மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளின் நுழைவுத் தேர்வுகளுக்கும் சேர்த்தே பயிற்றுவிப்பது. பின்னர் இது எல்லா மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

நடவுக் கூலியையும் அறுவடைக் கூலியையும் நம்பி வாழும் நம் மன்னார்குடி வட்டாரக் குடும்பங்களுக்கு இது சிறிய காரியமல்ல. தனியார் பயிற்சி மையத்தின் கட்டணத்தை அவர்கள் எந்தக் காலத்திலும் கட்டப்போவதில்லை. விடுதியும் ஒரு கொடைதான். ஊர்த்தெருப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே பந்தியில் உண்டு, ஒரே அறையில் உறங்க வழி பிறக்கிறது. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனைப் பள்ளித் தோழர்களே வீடு புகுந்து வெட்டியதை நாம் மறந்துவிடவில்லை.

ஆயினும் நம்மை உறுத்தும் ஒன்று உண்டு. வகுப்பில் முதலாவதாக நிற்கும் பிள்ளை போய்விட்டால், கிராமத்துப் பள்ளியில் மீதமிருப்பவர்களைக் கேள்வி கேட்கத் தூண்டுபவர் யார்? லூக்கா நற்செய்தியின் ஆயர் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிப் போனார். நாமோ நன்றாக நடக்கிற ஆட்டைத்தான் முதலில் தோளில் தூக்குகிறோம்.

அரசு உதவிபெறும் பள்ளிகளின் நிலை இன்னும் வருத்தத்துக்குரியது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்க நீதிபதி கலையரசன் குழு பரிந்துரைத்தது. 2020இல் சட்டமானது 7.5 விழுக்காடு. அதில் உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு இடமில்லை. நம் பள்ளிகளில் படிப்பவர்களும் அதே விவசாயக் கூலிகளின் பிள்ளைகள்தாமே? சுவர் மட்டும்தான் வேறு.

இதைக் கேட்கும்போது நம்மையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, ஏழைகள்மீது தனி அக்கறை கொள்ளுமாறு கத்தோலிக்கப் பள்ளிகளை வலியுறுத்துகிறது. நம் ஆங்கிலவழிப் பள்ளிகளின் சேர்க்கைப் பட்டியலில் கூலித் தொழிலாளியின் பிள்ளைகள் எத்தனை பேர்? அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அரசிடம் பேசினால் நம் சொல்லுக்கு வலு இருக்கும்.

பேசினால் பலன் கிடைக்காமலும் போவதில்லை. காலை உணவுத் திட்டத்திலும் முதலில் உதவிபெறும் பள்ளிகள் சேர்க்கப்படவில்லை. 2024 ஜூலை 15 அன்று கீழச்சேரி புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில் அது ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 2025 ஆகஸ்டில் நகர்ப்புறப் பள்ளிகளும் சேர்க்கப்பட்டன. உள்ஒதுக்கீட்டிலும் அதே கோரிக்கையைப் பெற்றோர் சங்கங்கள் வழியாகத் தொடர்ந்து எழுப்புவோம். அதுவரை, மாதிரிப் பள்ளிக்குத் தேர்வாகாத பிள்ளைகளுக்காகப் பங்கு மன்றங்களின் கதவுகள் மாலை வேளைகளில் திறந்திருக்கட்டும். கணிதமும் அறிவியலும் சொல்லித்தர ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள்.