கணக்கில் வராத மணி நேரம்

கனடா அரசு 2025 மார்ச் 31 அன்று வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்களுக்கான புதிய குடியேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. தொடங்கிய அன்றே இடங்கள் நிரம்பி விண்ணப்பம் மூடப்பட்டது. அதுவும் ஏற்கெனவே கனடாவுக்குள் இருக்கும் பணியாளர்களுக்கான பிரிவுதான். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கான பிரிவு அன்று திறக்கப்படவே இல்லை. ஆனால் நம் பக்கம் 'கனடாவில் கேர்கிவர் வேலை, இரண்டே வருடத்தில் குடும்பத்தோடு பி.ஆர்.' என்று சொல்லி முன்பணம் கேட்கும் ஏஜெண்டுகளுக்குக் குறைவில்லை. ஹோம் நர்சிங் சான்றிதழ் வகுப்பு முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் நம் காலனிப் பெண்பிள்ளைகளைத்தான் அவர்கள் முதலில் தேடி வருகிறார்கள்.

ஏஜெண்ட் சொல்வது முழுப்பொய் என்றால் பிரச்சினை எளிது. அதில் பாதி உண்மை இருக்கிறது. வீட்டோடு தங்கி வேலை செய்ய வரும் அயல்நாட்டுப் பெண்ணுக்கு ஒருநாள் அந்த மண்ணிலேயே குடியிருக்கும் உரிமையைத் தர ஒப்புக்கொண்ட நாடுகள் மிகச் சில. கனடா அவற்றில் ஒன்று. எத்தனை மணி நேரம் உழைத்தால் அந்த உரிமை கிடைக்கும் என்பதையும் விதியாகவே எழுதிவைத்தது. அந்த விதியை நம் மாணவிகள் ஒருமுறை காகிதமும் பேனாவும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் பழைய கதை. கனடாவின் பணக்கார வீடுகளுக்கு ஒரு காலத்தில் இங்கிலாந்திலிருந்தும் பின்லாந்திலிருந்தும் வெள்ளைக்காரப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்கள் குடியேறிகளாகவே வந்து இறங்கினார்கள். 1955-இல் ஜமைக்கா, பார்படோஸ் தீவுகளிலிருந்து கறுப்பினப் பெண்களை அழைத்தபோது நிபந்தனைகளும் கூடவே வந்தன. வயது 18 முதல் 35 வரை இருக்க வேண்டும், திருமணமாகியிருக்கக் கூடாது, பிள்ளை இருக்கக் கூடாது, மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும், ஓராண்டு வீட்டு வேலை செய்ய வேண்டும். அதன் பிறகே குடியிருப்பு உரிமை. 1973-இல் அந்த உரிமையையும் எடுத்துவிட்டு, தற்காலிக ஒர்க் பெர்மிட் மட்டும் போதும் என்றார்கள். வேலைக்கு வருகிறவரின் தோல் நிறம் மாறியதும் விதியும் மாறிவிட்டது. சாதி எப்படி வேலை செய்யும் என்று தெரிந்த நமக்கு இதற்குத் தனி விளக்கம் தேவையில்லை.

பிள்ளைகள் இருப்பதை மறைத்தார்கள் என்று சொல்லி 1970-களின் இறுதியில் ஏழு ஜமைக்கத் தாய்மாரை நாடு கடத்த உத்தரவிட்டது கனடா. வேலைக்குத் தகுதியானவர்கள் குடியிருக்கவும் தகுதியானவர்களே என்ற முழக்கத்தோடு வீட்டுப் பணியாளர்களும் தொழிற்சங்கங்களும் போராடினார்கள். 1979-இல் அந்தத் தாய்மார் அங்கேயே வாழ அனுமதிக்கப்பட்டார்கள். இரண்டாண்டு வேலை செய்தால் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்ற 1981-ஆம் ஆண்டுத் திட்டம் அந்தப் போராட்டம் பெற்றெடுத்தது. அரசு மனமிரங்கிக் கொடுத்ததல்ல.

3,900 மணி நேரம்

1992-இல் அந்தத் திட்டம் 'வீட்டோடு தங்கும் பராமரிப்பாளர் திட்டம்' என்று பெயர் மாறியது. வந்தவர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் பெண்கள். முதலாளியின் வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது கட்டாயம். கனடாவில் இறங்கிய மூன்று ஆண்டுக்குள் 24 மாதம் முழுநேர வேலையை முடிக்க வேண்டும். ஒர்க் பெர்மிட் ஒரே ஒரு முதலாளியின் பெயரில் இருக்கும். அவர் கொடுமைக்காரராக இருந்தால் வேறு வீட்டுக்குப் போகலாம்தான். ஆனால் புதிய பெர்மிட் வரும்வரை வேலை செய்யக் கூடாது. காத்திருக்கும் மாதங்கள் 24 மாதக் கணக்கில் சேராது. மூன்றாண்டுக் கெடு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே பெரும்பாலோர் பல்லைக் கடித்துக்கொண்டு அதே வீட்டில் இருந்தார்கள்.

எதிர்ப்பு வலுத்ததால் 2010-இல் விதி தளர்ந்தது. கெடு நான்கு ஆண்டானது. 24 மாதம் அல்லது 3,900 மணி நேரம், இரண்டில் ஒன்றைக் காட்டலாம் என்றார்கள். வாரத்துக்கு 37.5 மணி நேரம், ஆண்டுக்கு 52 வாரம், இரண்டு ஆண்டு: பெருக்கினால் 3,900. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு அடியில் இன்னும் இரண்டு வரிகள் உண்டு. 3,900 மணி நேரத்தை 22 மாதத்துக்குக் குறைவாக முடிக்கக் கூடாது. ஓவர்டைம் எவ்வளவு செய்தாலும் 390 மணி நேரத்துக்கு மேல் சேராது.

இப்போது வாரம் 60 மணி நேரம் வேலை வாங்கப்படும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வீட்டோடு தங்குகிறவருக்கு அது ஒன்றும் அதிசயமல்ல. 65 வாரத்திலேயே, அதாவது 15 மாதத்திலேயே அவர் 3,900 மணி நேரத்தை உழைத்துவிடுகிறார். ஆனாலும் 22 மாதம் காத்திருக்க வேண்டும். 22 மாதம் என்பது ஏறக்குறைய 95 வாரம். 95 வாரத்தில் அவர் உழைத்தது 5,700 மணி நேரம். மிச்சம் 1,800 மணி நேரம் எங்கே? அதற்குக் கூலி கிடைத்திருந்தாலும் கிடைக்காவிட்டாலும், குடியேற்றக் கணக்கில் அது கிடையாது. எட்டு மணி நேரம் ஒரு நாள் என்று வைத்தால் 225 நாள்.

இதில் இன்னொரு சிக்கல், உழைத்த நேரத்துக்குச் சான்று. சம்பளப் பதிவும் வேலைப் பதிவும் முதலாளியிடமிருந்துதான் வர வேண்டும். 60 மணி நேரம் வேலை வாங்கிவிட்டு 40 என்று எழுதியவரிடமே போய்த்தான் தாள் கேட்டு நிற்க வேண்டும். விசா கொடுப்பது மத்திய அரசு, வேலை நேரச் சட்டம் மாகாண அரசு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வீடு, அதன் கதவு சாத்தியிருக்கிறது.

குவானா தெஹாடா என்ற பிலிப்பைன்ஸ் பெண்ணின் கதையைச் சொல்லாமல் கனடாவைப் பற்றிப் பேச முடியாது. கேட்ட வேலையையெல்லாம் முடித்துவிட்டு நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பித்தார். அப்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. நாட்டின் மருத்துவச் செலவுக்குச் சுமை என்று விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். அந்த நாட்டுக் குடும்பங்களைப் பராமரித்துத் தேய்ந்த உடம்பு, தனக்கு வைத்தியம் கேட்டதும் சுமையாகிவிட்டது. போராட்டத்துக்குப் பிறகு 2008-இல் அனுமதி கிடைத்தது. 2009-இல் இறந்துபோனார். இரண்டாவது மருத்துவப் பரிசோதனை 2010-இல் நீக்கப்பட்டது. அதை இன்றும் அவர் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள்.

வீட்டோடு தங்கும் கட்டாயம் 2014 நவம்பரில் நீங்கியது. கூடவே ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பும், பள்ளிக்கு மேல் ஓராண்டுப் படிப்பும், உயர்ந்த மொழித்தேர்வு மதிப்பெண்ணும் வந்து சேர்ந்தன. 2019-இல் வேறு திட்டம், 2024 ஜூனில் அதுவும் முடிவு, 2025-இல் நாம் முதலில் சொன்ன திட்டம். வேலைக்கு ஆள் தேவைப்படாத நாள் கனடாவில் ஒன்றுகூட இல்லை. உரிமைக்கான கதவு மட்டும் வருடத்துக்கு வருடம் இடம் மாறுகிறது.

குவைத்துக்குப் போகிறவர்கள்

கனடா கனவு படித்த பிள்ளைகளுக்கு. படிப்பை இடையில் விட்ட நம் அக்காமாரும் சித்திமாரும் போவது குவைத்துக்கும் ஓமனுக்கும்தான். அங்கே எத்தனை ஆண்டு உழைத்தாலும் குடியிருப்பு உரிமை என்ற பேச்சே இல்லை. கஃபீல் எனப்படும் ஸ்பான்சரின் பெயரில் விசா. அவர் அனுமதியில்லாமல் வீட்டைவிட்டு வெளியேறினால் ஓடிப்போனவர் என்று புகார் பதிவாகும். கொடுமை தாங்காமல் தப்பித்தவரும் அந்தப் புகார் வந்த நிமிடமே குற்றவாளி.

குவைத் 2015-இல் வீட்டுப் பணியாளருக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதன் எண் 68. வாரம் ஒருநாள் சம்பளத்தோடு விடுமுறை, ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு, பணி முடிவில் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், பாஸ்போர்ட்டை முதலாளி வைத்திருக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. 2016-இல் மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 60 தினார் என்று நிர்ணயித்தார்கள். வளைகுடாவில் இது முன்னோடிச் சட்டம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வேலை நேரம் என்ற இடத்துக்கு வந்தால், நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை என்று எழுதியிருக்கிறது. அதே குவைத்தில் கடையிலும் கம்பெனியிலும் வேலை செய்கிறவருக்கு எட்டு மணி நேரம். ஒரே நாட்டில், ஒரே வெயிலில், வீட்டுக்குள் இருப்பவருக்கு மட்டும் நாலு மணி நேரம் கூடுதல்! அந்த 12 மணி நேரத்தையும் வீட்டுக்குள் போய் எண்ணிப் பார்ப்பவர் யார்?

திரும்பி வந்த பெண்களிடம் எத்தனை மணிக்குத் தூங்கப் போவீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். மணி சொல்ல மாட்டார்கள். 'கொழந்த தூங்குன பொறவு', 'விருந்தாளிங்க போன பொறவு' என்பார்கள். பண்ணையில் வேலை செய்த நம் பாட்டன்மாரும் இப்படித்தான் நேரம் சொன்னார்கள்: கோழி கூவும்போது, மாடு திரும்பும்போது, ஆண்டை வீட்டில் விளக்கு வைத்த பிறகு.

நம் நாட்டுச் சட்டம் என்ன செய்கிறது? 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு இ.சி.ஆர். பாஸ்போர்ட். குவைத், ஓமன், சவுதி உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும். பெண்ணாக இருந்தால் 30 வயது நிறைந்திருக்க வேண்டும். 2016 முதல் இப்பெண்களை அரசு நிறுவனங்கள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்றானது. தமிழ்நாட்டில் அது அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். நல்ல நோக்கம்தான். நடப்பது வேறு. கடனில் இருக்கும் 26 வயதுப் பெண் இன்னும் நாலு வருடம் காத்திருக்க மாட்டார். ஏஜெண்ட் அவரை விசிட் விசாவில் துபாய்க்கு ஏற்றிவிடுகிறார். அங்கிருந்து வேறு நாட்டுக்குக் கைமாற்றுகிறார்.

அப்படிப் போனவரின் பெயர் எந்த அரசுக் கணினியிலும் இல்லை. முறைப்படி போகிறவருக்கு இரண்டாண்டுக்கு 275 ரூபாயில், இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. விசிட் விசாவில் போனவருக்கு அது கிடையாது. பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர ஒரு பைசா வாங்கக் கூடாது. பதிவே இல்லாத ஏஜெண்டுக்கு எந்த உச்சவரம்பும் இல்லை. வயதுத் தடையை எடுத்துவிட்டு, ஒப்பந்தத்தையும் வேலை நேரத்தையும் கண்காணிப்பதில் அரசு அந்தச் சக்தியைச் செலவிட்டால் இந்தப் பெண்கள் பிழைப்பார்கள் என்பது நம் கருத்து.

சரி, வெளிநாட்டை விடுவோம். சென்னையிலும் கோவையிலும் ஹோம் நர்ஸ் அனுப்பும் ஏஜென்சிகள் '24 மணி நேர டூட்டி' என்றே விளம்பரம் செய்கின்றன. ஒரு மனுஷி 24 மணி நேரமும் வேலையில் இருப்பாளா என்று யாரும் கேட்பதில்லை. போகிறவர்கள் யார்? நம் பெண்கள். சமையலறைக்கு ஆள் தேடும்போது எந்த ஊர், எந்தத் தெரு என்று சுற்றிவளைத்துக் கேட்கிறவர்கள், படுக்கையில் கிடக்கும் முதியவரின் மலமூத்திரம் அள்ள ஆள் தேடும்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. 2018-இல் தமிழக அரசு வீட்டு வேலைக்கு மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலி அறிவித்தது. அந்த மணிக் கூலியை 24-ஆல் பெருக்கிக் கொடுத்த வீட்டை நாம் இதுவரை பார்க்கவில்லை.

வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்த அண்ணல் அம்பேத்கர் காலத்தில்தான், 1946-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம், ஆலைத் தொழிலாளியின் வார வேலை நேரம் 54-இலிருந்து 48-ஆகக் குறைந்தது. அந்தச் சட்டம் இன்றுவரை வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே போகவில்லை. வீட்டுப் பணியாளருக்கு வாரம் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்று கூறும் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கை 2011-இல் நிறைவேறியது. பிலிப்பைன்ஸ் மறு ஆண்டே ஏற்றுக்கொண்டது. இந்தியா ஏற்கவில்லை. கனடாவும் ஏற்கவில்லை. வீட்டுப் பணியாளருக்குச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய மசோதா ஒன்றின் வரைவும் அதே ஆண்டு அக்டோபரில் வெளியானது. இரண்டிலும் வேலை நேரம் என்ற சொல் எண்ணோடு எழுதப்பட வேண்டும் என்று நம் இயக்கங்களும் கிராம சபைகளும் இப்போதே தீர்மானம் போட்டு அனுப்பலாம்.

போகத் தீர்மானித்துவிட்ட சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. விசா தாளில் 'விசிட்' என்றிருந்தால் ஏறாதீர்கள். ஒப்பந்தத்தில் வேலை நேரம், வார விடுமுறை இரண்டும் எழுதியிருக்கிறதா என்று ஊரில் படித்த பிள்ளை ஒன்றை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு நகலை வீட்டில் வையுங்கள். போன இடத்தில் எழுந்த நேரத்தையும் படுத்த நேரத்தையும் தினம் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். போன் கையில் இருக்கும் நாளில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சம்பளப் பாக்கிக்கு வழக்குப் போடும் நாள் வந்தால் கையில் காட்ட அதுதான் இருக்கும்.