நைஸ் பாட்டி

பக்கத்து வீட்டு ஆறாம் வகுப்புக்காரி புதன்கிழமை சாயங்காலம் கட்டுரை நோட்டோடு வந்து நின்றாள். 'மை கிராண்ட்மதர் இஸ் நைஸ்' என்று எழுதியிருக்கிறாள். நைஸைச் சுற்றிச் சிவப்பு வட்டம்; பக்கத்தில், வேறு நல்ல சொல் போடு என்று குறிப்பு. பிள்ளை போனில் தேடி, வந்த பட்டியலில் நீளமானதாக ஒன்றைப் பொறுக்கிவிட்டது: 'மை கிராண்ட்மதர் இஸ் ஸ்க்ரம்ப்ஷியஸ்.' பாட்டி ருசியாக இருக்கிறாளாம்!

சினானிம் பட்டியல்கள் மேல் எனக்குக் கடுப்பு உண்டு. ஆனால் பீட்டர் மார்க் ரோஜேயைத் திட்ட மாட்டேன். லண்டன் டாக்டர். 1852-ல், 73 வயதில் 'தெசாரஸ்' வெளியிட்டார். எண்ணம் மனசில் இருக்கிறது, சொல் மட்டும் வாய்க்கு வரவில்லை என்று தவிக்கிறவனுக்காக, அகரவரிசையை விட்டுச் சொற்களைக் கருத்து வாரியாக அடுக்கினார். எல்லா வகையிலும் ஒரே பொருள் தரும் இரண்டு சொல் கிடைப்பது அரிது என்று முன்னுரையிலேயே சொல்லியும் வைத்தார். முன்னுரையை யார் படிக்கிறார்கள்?

நைஸின் ஜாதகமே வேடிக்கை. 'அறியாத' என்ற லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து போனபோது அதற்கு 'மடத்தனமான' என்று பொருள். பிறகு நாசூக்கு, நுணுக்கம். 'இனிமை' வந்து ஒட்டியது 18-ஆம் நூற்றாண்டில்தான். எதற்கெடுத்தாலும் நைஸ் என்பதை ஜேன் ஆஸ்டின் 'நார்த்தாங்கர் அபே' நாவலில் அப்போதே கிண்டலடித்துவிட்டார். சிவப்பு மைக்கு வயது 200!

அதைவிட நம் வீட்டு நைஸ் சுவாரசியம். கிரைண்டரிலிருந்து உளுந்து மாவைத் தொட்டு இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் நைஸா ஓடட்டும்" என்பாள் என் மனைவி. இனிமைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஆங்கிலத்தின் பழைய 'நுணுக்கம்' நம் மாவில் உட்கார்ந்திருக்கிறது. நைஸாகப் பேசிக் கையெழுத்து வாங்குவதும், மொய் எழுதுமுன் நைஸாக நழுவுவதும் இங்கிலீஷ்காரனுக்குச் சுட்டுப்போட்டாலும் விளங்காது.

பிள்ளை இன்னும் நிற்கிறது.

"சரி, பாட்டி உனக்கு என்னதான் பண்ணுவாங்க?"

"ஹோம்வொர்க் முடிக்கலன்னா அம்மாகிட்ட நைஸா பேசி அடி விழாம பாத்துப்பாங்க. இதுக்கு இங்கிலீஷ்ல என்ன தாத்தா?"

வியாழக்கிழமையிலிருந்து ரோஜேயைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.