சோம்பேறிகளுக்கா?

இந்த வாரம் வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு வீடியோ எரிச்சலைக் கிளப்பிவிட்டது. மேக் கம்ப்யூட்டர் முன்னால் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தலை திரும்பும் பக்கமெல்லாம் அம்புக்குறி ஓடுகிறது. சிரித்தால் கிளிக், நாக்கை நீட்டினால் ரைட் கிளிக். மேலே தலைப்பு: 'சோம்பேறிகளுக்கு வரப்பிரசாதம்!'

கை அசையாதவர்களுக்காகச் செய்த வசதி ஐயா அது. செட்டிங்ஸில் 'அக்சஸிபிலிட்டி', அதற்குள் 'பாயின்டர் கன்ட்ரோல்', அதற்கும் உள்ளே 'ஹெட் பாயின்டர்'. முகத்தைச் சுளிக்கவும் முடியாதவர்களுக்கு 'ட்வெல்' இருக்கிறது. அம்புக்குறி ஓரிடத்தில் சற்று நேரம் நின்றால் அதுவே கிளிக். 2024இல் வந்த ஐஓஎஸ் 18, ஐபோனில் பார்வை போகும் இடத்துக்கே இதைக் கொண்டுவந்துவிட்டது.

அந்தச் 'சற்று நேரம்' என்னைப் போபியிடம் இழுத்துப்போனது. ழான் டொமினிக் போபி, பிரான்சின் 'எல்' பத்திரிகை ஆசிரியர். 1995 டிசம்பரில், 43 வயதில், பக்கவாதம். எழுதுவதற்கு மிஞ்சியது இடது கண்ணிமை மட்டும். அவர் சொல்வதை எழுதிக்கொள்ள வந்த க்ளோத் மாந்திபில் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே போவார். வரிசை ஏ, பி, சி அல்ல. பிரெஞ்சில் அதிகம் புழங்கும் இ, எஸ், ஏ என்று தொடங்கும். வேண்டிய எழுத்து வந்ததும் போபி இமைப்பார். விடியலிலேயே பத்தியை மனத்துக்குள் திருத்தி, நெட்டுருப் போட்டு வைத்திருப்பார். 'த டைவிங் பெல் அண்ட் த பட்டர்ஃப்ளை' அப்படி எழுதிய புத்தகம். 1997 மார்ச்சில் வெளிவந்தது. இரண்டு நாளில் அவர் போய்விட்டார்.

அதில் நான் திரும்பத் திரும்பப் புரட்டும் இடம், அவரைப் பார்க்க வந்தவர்களைப் பற்றியது. பொறுமையில்லாதவர்கள் பாதி வார்த்தையிலேயே மீதியை ஊகித்துவிடுவார்கள். மூக்குக்கண்ணாடி கேட்க 'லூனெத்' என்று எழுத்துக் கூட்டத் தொடங்குகிறார். 'லூன்' வந்ததுமே, நிலாவை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கிறார் ஒருவர்! மாந்திபில் கடைசி எழுத்துவரை காத்திருந்தார். அவர் இல்லையென்றால் அந்தப் புத்தகம் இல்லை. படமாக எடுத்ததைப் பார்த்தவர்கள்கூட இமையைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எழுத்தெழுத்தாகக் கேட்ட காதுக்குப் பாராட்டு குறைவு.

'ட்வெல்' நேரத்தை நொடிக்கணக்கில் கூட்டவும் குறைக்கவும் முடியும். குறைவாக வைத்தால் வேண்டாத இடமெல்லாம் கிளிக் ஆகும். உங்கள் வீட்டில் யாருக்காவது இதைப் பொருத்திக் கொடுத்தால், எத்தனை நொடி என்பதை அவரிடமே கேட்டு வையுங்கள்.